சூதாட்டத்தின் கணக்கில் இவர்களைச் சேர்க்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னை இளைஞர்களிடையே பரவியுள்ள இணைய விளையாட்டு மோகம் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை வரி விடாமல் படித்தேன். பணம் கட்டி ஆடும் ரம்மியில் சம்பளத்தையும் நகையையும் இழந்து கந்துவட்டிக்காரரிடம் போய் நின்ற குடும்பங்களின் நிலையை அக்கட்டுரை பொறுப்போடு எடுத்துரைத்திருந்தது. அத்தகைய வீடுகளை எங்கள் பகுதியில் நேரில் அறிந்தவள் என்ற முறையில் அதற்காக நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் கட்டுரையின் பிற்பகுதி, கணினியில் கற்பனைக் கதை விளையாட்டுகளை ஆடி, அவற்றைப் பற்றி முகமறியாத ரசிகர்களோடு இரவு நேரங்களில் பேசிக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருக்கும் பிள்ளைகளையும் அதே நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களாகக் காட்டியிருந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. அந்த ஒரு கருத்தை மறுப்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். தண்டையார்பேட்டையில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். கல்லூரிக் காலத்திலிருந்தே 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்' என்ற வரிசையில் வந்த கேம்களின் ரசிகை. அவற்றுள்ளும் 2002-இல் வெளியான 'மாரோவிண்ட்' என்ற கேமைச் சுற்றி இணையத்தில் உருவாகியிருக்கும் ரசிகர் சமூகத்தில் நெடுநாளாகப் பங்கேற்று வருகிறேன். என் மாணவ மாணவியரில் சிலரும், படித்து முடித்துப் போன பழைய மாணவர்கள் சிலரும் அதே சமூகத்தில் இருக்கிறார்கள். அங்கே நடப்பதை உள்ளிருந்து பார்த்தவள் என்பதால், தங்கள் கட்டுரையாளருக்குக் கிடைத்திருக்க வாய்ப்பில்லாத சில செய்திகளை என்னால் சொல்ல முடியும்.

முதலில் சட்டமே செய்திருக்கும் பாகுபாட்டை நினைவூட்ட விரும்புகிறேன். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுகள் சட்டம், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை ஒரு வகையாகவும், போட்டி விளையாட்டுகளையும் பொழுதுபோக்கு விளையாட்டுகளையும் வேறு வகைகளாகவும் பிரித்து, முதல் வகையை மட்டுமே தடை செய்கிறது. அதற்கு முன்பே 2022-இல் நம் மாநிலச் சட்டப்பேரவை இயற்றிய சட்டத்தின் கோபமும் சூதாட்டத்தின் மீதுதான் இருந்தது. காரணம் எளிது. ரம்மி நடத்தும் நிறுவனத்துக்கு ஆடுபவர் மறுபடியும் மறுபடியும் பணம் கட்டினால்தான் வருமானம். மாரோவிண்டை ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் அதோடு சரி. அதற்குப் பின் ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல், இணைய இணைப்பும் இல்லாமல், எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் ஆடலாம். தோற்றால் போவது நேரம் மட்டும்தான். (நேரம் போவதும் சிறிய விஷயமில்லை, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.)

மாரோவிண்ட் ஒருவர் தனியாக ஆடும் கேம். அப்படியிருந்தும் அதைச் சுற்றி இவ்வளவு பெரிய கூட்டம் ஏன் சேர்ந்தது என்பதைப் புரிந்துகொண்டால், நான் சொல்ல வருவது பாதி விளங்கிவிடும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள பெதெஸ்டா நிறுவனம் உருவாக்கிய இந்தக் கேமில், நடுவே எரிமலை நிற்கும் வார்டென்ஃபெல் என்ற தீவில், கப்பலிலிருந்து இறக்கி விடுதலை செய்யப்படும் ஒரு கைதியாக நாம் கதைக்குள் நுழைகிறோம். அந்தத் தீவுக்கென்று குலங்களும் கோயில்களும் பழம்பகைகளும் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான சிறு நூல்கள் கேமுக்குள்ளேயே அலமாரிகளில் கிடக்கின்றன. அவை ஒன்றையொன்று மறுக்கவும் செய்கின்றன. நெரெவார் என்ற பழங்காலத் தலைவன் செம்மலைப் போரில் எப்படி இறந்தான் என்பதற்குக் கோயில் சொல்லும் வரலாறு ஒன்று; பாலைநிலத்து நாடோடிகள் சொல்லும் வரலாறு இன்னொன்று; எது உண்மை என்று கேம் கடைசிவரை தீர்ப்புச் சொல்வதில்லை. ஆகவே ரசிகர்கள் ஒவ்வொரு நூலையும் எடுத்து வைத்துக்கொண்டு, இதை எழுதியவர் யார் பக்கம், எந்தக் காலத்தவர், எதை மறைக்கிறார் என்று ஆராய்கிறார்கள். சுவடிகளில் பாடபேதம் பார்த்தவர்கள் கைக்கொண்ட முறைக்கு இது வெகு தூரத்தில் இல்லை என்று ஒரு தமிழாசிரியையான என் தோழி வியந்து சொன்னார்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய கேம்களில் போக வேண்டிய இடத்தைத் திரையில் ஓர் அம்புக்குறி காட்டிக்கொண்டே இருக்கும். மாரோவிண்டில் அது கிடையாது. வழியை ஒருவர் வாய்மொழியாகச் சொல்வார். நாம் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். கதையின் தொடக்கத்திலேயே, மறைந்துபோன ஓர் இனத்தார் விட்டுச் சென்ற சிறு பெட்டி ஒன்றை ஆர்க்ந்தாண்ட் என்னும் பாழடைந்த நிலத்தடி நகரிலிருந்து எடுத்து வரச் சொல்வார்கள். பால்மோரா ஊரைவிட்டு வெளியேறி, மூன்மாத் கோட்டையைக் கடந்து, எரிமலைக் குழம்பு ஓடிக் காய்ந்த பள்ளத்தின் மேலுள்ள பழைய பாலத்தைத் தாண்டிப் போனால், பாறையோடு பாறையாக ஒரு கதவு இருக்கும். பக்கத்தில் குழாயொன்றில் இருக்கும் கைப்பிடியைத் திருப்பினால்தான் அது திறக்கும். உள்ளே போன பிறகும், ஒரு சிறு அறையின் தட்டில் சாதாரணப் பொருள்போல் இருக்கும் அந்தப் பெட்டியைக் காணாமல் மணிக்கணக்காகத் தேடியவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அந்தத் தேடல்தான் அவர்களை ஒருவரையொருவர் கேட்க வைத்தது. கேள்விகளும் பதில்களும் சேர்ந்துகொண்டே வந்து, யாரேனும் தொகுத்து வைத்தால் அடுத்தவருக்கு உதவுமே என்ற எண்ணம் பிறந்து, அது பெரும் ஆவணமாக வளர்ந்தது.

அப்படி வளர்ந்தவற்றுள் மூத்தது, 'அன்அஃபிஷியல் எல்டர் ஸ்க்ரோல்ஸ் பேஜஸ்' என்ற பெயரில் 1995-இல் ஒரு தனி ரசிகர் தொடங்கியது. இன்று அது யாரும் திருத்தக்கூடிய விக்கியாக, இந்த வரிசையில் வந்த ஒவ்வொரு கேமின் ஊர்களையும் மாந்தர்களையும் நூல்களையும் பதிந்து வைத்திருக்கிறது. இங்கே திருத்தம் செய்வதென்றால் வாய்க்கு வந்ததை எழுதிவிட முடியாது. என் மாணவி ஒருத்தியின் அனுபவத்தைச் சொல்கிறேன். கால்டெரா என்ற ஊரில் ஒரு மாளிகைக்குள் க்ரீப்பர் என்ற விந்தையான வணிகன் இருப்பான். நாம் கொண்டுபோகும் பொருள்களை வாங்கிக்கொள்ள அவனிடம் 5,000 பொற்காசுகள் இருக்கும். அந்த மாணவியின் கணினியில் வேறு எண் தெரிந்தது. பக்கத்தில் இருப்பது தவறு என்று எண்ணி அவள் திருத்திவிட்டாள். சற்று நேரத்திலேயே அத்திருத்தம் நீக்கப்பட்டு, ரசிகர்கள் செய்த மாற்றங்கள் எதுவும் சேர்க்காத அசல் கேமில் பார்த்தீர்களா என்ற கேள்வி மரியாதையான சொற்களில் அவளுக்கு வந்தது. அவள் சேர்த்திருந்த கூடுதல் கோப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தபோது, வணிகர்களின் காசை மாற்றும் கோப்பு ஒன்று அதில் இருந்தது தெரிந்தது. எந்த நிலையில் பார்த்தேன், எந்தப் பதிப்பில் பார்த்தேன் என்று குறித்துக்கொள்ளாமல் இப்போது அவள் எதையும் எழுதுவதில்லை; ஆய்வக நோட்டிலும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. அதே பழக்கத்தை நான் வகுப்பில் எத்தனை விதமாகச் சொல்லியும் கொண்டுவர முடியாமல் இருந்தது.

இனி, நான் பெரிதும் மதிக்கும் ஒரு முயற்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாரோவிண்ட் என்பது கதைப்படி ஒரு பெரிய நாடு. ஆனால் நிறுவனம் அதன் வடபகுதியில் உள்ள தீவை மட்டுமே உருவாக்கி வெளியிட்டது. எஞ்சிய நிலப்பரப்பை நாமே கட்டிவிடலாம் என்று சில ரசிகர்கள், கேம் வெளிவருவதற்கு முன்பே, 'டாம்ரியல் ரீபில்ட்' என்ற பெயரில் ஒன்றுகூடினார்கள். கேமோடு சேர்த்து, அதைத் திருத்தவும் விரிவாக்கவும் பயன்படும் கருவியையும் நிறுவனம் கொடுத்தது அவர்களுக்குத் துணையாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. தொடங்கியவர்களில் பெரும்பாலோர் விலகிவிட்டார்கள். அன்று பிறந்திராத பிள்ளைகள் இன்று அதில் வேலை செய்கிறார்கள். ஊர் ஊராக, குகை குகையாகக் கட்டி, உரையாடல்களையும் நூல்களையும் எழுதிச் சேர்த்து, 2025 மே மாதத்தில்கூட ஒரு பெரும் பகுதியை இலவசமாக வெளியிட்டார்கள். யாருக்கும் ஊதியம் கிடையாது. நிறுவனம் கைவிட்ட வேலையை, நிறுவனத்தின் பணியாளர்களைவிட நீண்ட காலம், தலைமுறை மாறியும் தொய்வில்லாமல் தூக்கிச் செல்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

இத்தகைய குழுக்களில் சேர விரும்புபவர் முதலில் ஒரு மாதிரி அறையை உருவாக்கிக் காட்ட வேண்டும். காசிமேட்டைச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர் ஒரு மீனவரின் குடிசையை அமைத்துக் கொடுத்தார். அவர் தந்தை கடலுக்குப் போகிறவர். குடிசையின் உள்ளே வலையை எங்கே தொங்கவிடுவார்கள், ஈரக் கயிறு எந்தப் பக்கம் கிடக்கும், கூடையைக் கதவிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயினும் வெளிநாட்டிலிருந்து அதைச் சரிபார்த்தவர் நீண்ட குறிப்போடு திருப்பி அனுப்பினார். தட்டு ஒன்று மேசையில் படாமல் ஒரு மயிரிழை மேலே மிதக்கிறது. கூடையின் அடிப்பாகம் சுவருக்குள் புதைந்திருக்கிறது. விளக்கு இருக்கும் இடத்துக்கும் வெளிச்சம் விழும் பக்கத்துக்கும் பொருத்தமில்லை என்று, ஒவ்வொன்றும் இருக்கும் இடத்தைக் குறித்துக் காட்டியிருந்தார். அதோடு, வலை தொங்கும் முறை மிக இயல்பாக இருக்கிறது, இதை எங்கே பார்த்தீர்கள் என்றும் கேட்டிருந்தார். மாணவர் தட்டை இறக்கினார், கூடையை நகர்த்தினார், விளக்கை மாற்றினார், அறை ஏற்கப்பட்டது. அந்தக் குறிப்பை அவர் என்னிடம் காட்டியபோது, குறைகளின் பட்டியலைவிட வலையைப் பற்றிய அந்த ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். காசிமேட்டின் தொழிலறிவை ஒருவர் அக்கறையோடு கேட்டது அவருக்கு அதுதான் முதல் தடவை.

பிறர் உழைப்புக்கு மதிப்பளிப்பதில் இந்தச் சமூகம் காட்டும் கண்டிப்பையும் குறிப்பிட வேண்டும். ரசிகர்கள் உருவாக்கும் மாற்றக் கோப்புகளை மோட் என்கிறோம். ஒருவர் செய்த வாளையோ மரத்தையோ இன்னொருவர் தம் மோடில் பயன்படுத்த விரும்பினால் அனுமதி கேட்க வேண்டும். கோப்போடு இணைக்கும் விளக்கக் குறிப்பில் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் எடுத்தவருக்கு அங்கே முகம் கொடுப்பார் இல்லை. எழுதியவர் பெயரை வெட்டி எறிந்துவிட்டுக் கவிதைகளையும் கட்டுரைகளையும் வாட்ஸ்ஆப்பில் சுற்றவிடும் நம் பெரியவர்கள் பலர், இந்தப் பிள்ளைகளிடம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒழுக்கம் இது.

பணத்தைப் பற்றியும் இவர்களுக்குத் தெளிவான கருத்து உண்டு. இதே வரிசையில் 2011-இல் வந்த 'ஸ்கைரிம்' கேமின் மோடுகளுக்கு விலை வைத்து விற்கும் ஏற்பாட்டை 2015 ஏப்ரலில், கணினிக் கேம்களை இணையத்தில் விற்கும் வால்வ் நிறுவனமும் பெதெஸ்டாவும் கொண்டுவந்தன. விற்கும் தொகையில் உருவாக்கியவருக்கு 25 விழுக்காடு மட்டுமே. ரசிகர்களின் எதிர்ப்பு கடுமையாக எழவே, சில நாள்களிலேயே அந்த ஏற்பாடு திரும்பப் பெறப்பட்டது. அந்த விவாதத்தில் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை; உழைத்தவருக்குக் கூலி கிடைப்பதில் என்ன தவறு என்று கேட்டவர்களின் பக்கமும் நியாயம் இருந்தது, இருக்கிறது. ஆனால் பலருடைய உழைப்பின் மேல் கட்டப்பட்ட ஒன்றைத் தனியொருவர் விற்றால் மற்றவர்களின் பங்கு என்ன என்ற கேள்விக்கு அன்று விடை கிடைக்கவில்லை. பொதுச்சொத்து, உரிமை, கூலி என்று நாம் பாடநூலில் படிக்கும் சொற்களை வைத்துப் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் தமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு விஷயத்தில் வாதிட்டார்கள். இதைச் சூதாட்டத்தின் முதற்படி என்று எப்படி அழைப்பது?

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு இது என்று நினைக்கவும் இடமில்லை. மாரோவிண்ட் ஓடுவதற்குப் பெட்டியில் அன்று போட்டிருந்த தேவை 500 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 256 எம்.பி. நினைவகமும்தான். அரசு 2011 முதல் கொடுத்துவந்த விலையில்லா மடிக்கணினியில் அது தாராளமாக ஓடும். எங்கள் பகுதியில் பல வீடுகளில் அக்கா வாங்கிய அந்த மடிக்கணினியைத்தான் தம்பி இன்றும் பயன்படுத்துகிறான். அதிலும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஆட விரும்புவோருக்கு, 2008-இல் ரசிகர்கள் தொடங்கிய 'ஓப்பன்எம்டபிள்யூ' என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. கேமின் இயங்குபொறியை, அதாவது கேமை ஓட்டும் அடிப்படை நிரலை, புதிதாகத் தாங்களே எழுதி, அதன் மூல நிரலை எல்லோரும் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். ஆடுவதற்கு அசல் கேமை விலை கொடுத்து வாங்கியிருக்க வேண்டும் என்பதில் உறுதியாகவும் இருக்கிறார்கள். பர்மா பஜாரில் திருட்டு சிடி வாங்கி ஆடியே வளர்ந்த என் தலைமுறையினருக்கு அந்த உறுதி புதிது. சி++ மொழியில் உண்மையான ஒரு பெரிய நிரல் எப்படி இருக்கும் என்று என் மாணவர்கள் முதன்முதலில் பார்த்தது அங்கேதான்; நம் பாடநூலில் உள்ள நிரல்கள் ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை.

பெற்றோர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: இதனால் சோறு கிடைக்குமா? சிலருக்குக் கிடைத்திருக்கிறது. ஸ்கைரிமுக்கு 'ஃபால்ஸ்கார்' என்ற பெரிய மோடை 2013-இல் வெளியிட்ட அலெக்சாண்டர் வெலிக்கி அப்போது 19 வயது இளைஞர். அதைக் கொண்டே கேம் துறையில் பணி பெற்றார். ஆஸ்திரேலியாவில் வழக்கறிஞராக இருந்த நிக் பியர்ஸ் உருவாக்கிய 'தி ஃபர்காட்டன் சிட்டி' என்ற மோட் 2016-இல் அந்நாட்டு எழுத்தாளர் சங்கத்தின் விருதைப் பெற்று, 2021-இல் தனிக் கேமாகவே வெளிவந்தது. ஆனால் இந்த இருவரையும் காட்டி ஆயிரம் பிள்ளைகளுக்கு ஆசை காட்ட எனக்கு மனம் இல்லை. பெரும்பாலோர்க்கு இதிலிருந்து வேலை கிடைக்காது. சேர்ந்து ஒரு வேலையை முடிக்கும் பழக்கமும், ஆங்கிலத்தில் தயங்காமல் எழுதும் துணிவும் கிடைக்கும். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவையே பெரிய வரவு.

குறைகளை மறைக்கவும் நான் விரும்பவில்லை. தூக்கம் கெடுகிறது, மற்ற நாட்டவர் விழித்திருக்கும் நேரம் நமக்கு நள்ளிரவு என்பதால், விவாதம் சூடுபிடிக்கும்போது பிள்ளைகள் கணினியை மூட மறுக்கிறார்கள். காலை முதல் பாடவேளையில் அவர்கள் கண்களைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். மோடுகளில் வயது வந்தோருக்கு மட்டுமே உரியவை ஏராளமாக இருக்கின்றன. வயதைக் கேட்டு நிறுத்தும் தடுப்பைப் பிள்ளைகள் எளிதில் தாண்டிவிடுகிறார்கள். பெண் என்று தெரிந்ததும் தொல்லை கொடுப்பவர்கள் அங்கும் உண்டு. நானும் சில இடங்களில் என் பெயரைச் சொல்லாமலே இருக்கிறேன். பெண் பிள்ளைகள் தங்கள் படத்தையும் பள்ளிப் பெயரையும் எங்கும் பகிரக் கூடாது என்பதை நான் கண்டிப்பாகச் சொல்லி வருகிறேன். நல்ல நிர்வாகிகள் உள்ள குழுவில் இத்தகையோரை உடனே வெளியேற்றுகிறார்கள். அப்படி இல்லாத குழுக்களைப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டும். எது எப்படிப்பட்ட குழு என்று பிரித்தறிய அவர்களுக்கு அருகில் ஒரு பெரியவர் தேவை. இந்தக் கேம்கள் பெரியவர்களுக்கு ஆகாதவை என்றும் எண்ண வேண்டியதில்லை. 1936-இல் பிறந்த ஷர்லி கரி என்ற அமெரிக்கப் பாட்டி, தாம் ஸ்கைரிம் ஆடுவதை யூடியூப்பில் காட்டி, பார்ப்பவர்களைப் பேரப்பிள்ளைகளே என்று அழைத்துப் பேசி வந்தார். ரசிகர்கள் திரண்டு வேண்டியதன் பேரில், அடுத்து வரவிருக்கும் கேமில் அவரை ஒரு பாத்திரமாகச் சேர்ப்பதாக நிறுவனமே அறிவித்தது. பக்கத்தில் அமர்ந்து இது என்ன ஊர், இவன் யார் என்று ஒரு தாத்தாவோ பாட்டியோ கேட்டால், பதில் சொல்லும் பிள்ளைக்கு நேரம் போவதும் தெரியும், வரம்பும் தெரியும்.

தமிழுக்கு இதில் என்ன இடம் என்று தங்கள் வாசகர்கள் கேட்கக்கூடும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் பெறாமல் சங்க நூல்கள் முதல் அண்மைக்கால நூல்கள் வரை தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இணையத்தில் ஏற்றினார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் அதே வழியில் வளர்ந்து வருகிறது. முகமறியாதவர்கள் ஒன்றுகூடி நெடுங்காலம் உழைத்துப் பொதுச்சொத்தை உருவாக்கும் மரபு நமக்கு அந்நியமானதன்று. ஆனால் கேம் உலகில் தமிழ் இன்னும் மிக அரிதாகவே காணப்படுகிறது. அதிகாரப்பூர்வ மொழிபெயர்ப்பு கிடைக்காத வேறு மொழிக்காரர்கள் சிலர் மாரோவிண்டைத் தாங்களே மொழிபெயர்த்துக்கொண்டார்கள். நமக்கோ முதல் தடை எழுத்திலேயே இருக்கிறது. பழைய கேம்கள் ஐரோப்பிய எழுத்துகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 'கொ' என்று திரையில் வர வேண்டுமானால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் போய் நிற்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நுட்பம் அவற்றில் கிடையாது. என் மாணவர் இருவர் திறந்த மூலப் பொறியில் இதற்கு வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வெற்றி பெற்றால், அதன் பயன் ஒரு கேமோடு நிற்காது. அந்தப் பொறி திறந்த மூலமாக இருப்பதால் அடுத்து வரும் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். இரவில் அவர்கள் அறையில் விளக்கு எரிவதற்குக் காரணம் இதுதான். அவர்களுடைய பெற்றோர் தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு என்னிடம் வந்து, பிள்ளையை மருத்துவரிடம் காட்ட வேண்டுமா என்று கேட்டார்கள்.

எங்கள் வடசென்னையில் தெருமுனைக் கேரம் கிளப்புகளையும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசினார்கள். வேலை வெட்டி இல்லாதவர்கள் கூடும் இடம், பிள்ளை கெட்டுப்போவான் என்று சொல்லாத வீடு இல்லை. ஆனால் அந்தப் பலகைகளைச் சுற்றித்தான் பார்வை, பொறுமை, மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை எல்லாம் வளர்ந்தன. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா மூன்று தங்கப் பதக்கங்கள் வென்று வந்தபோது ஊரே திரண்டு வரவேற்றது. தங்கள் நாளிதழும் அதை மகிழ்ச்சியோடு வெளியிட்டது. கேரத்துக்கு ஒரு பலகையும் விளக்கும் கூரையும் கிடைத்தன. இணைய ரசிகர் சமூகங்களில் உழைக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. பத்துக்குப் பத்து அறையில், நான்கு பேர் உறங்கும் இடத்தில், திரையின் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அவர்கள் வேலை செய்கிறார்கள். நள்ளிரவை அவர்கள் தேர்ந்தெடுப்பதற்கு மற்ற நாட்டு நேரம் பாதிக் காரணம் என்றால், பகலில் உட்கார இடமில்லாதது மீதிக் காரணம்.

கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்தில், பணியாற்றும் இடமும் படிப்பகமும் ஒருங்கே அமைந்திருக்கின்றன. அதைப்போன்ற இடங்கள் வடசென்னையின் மற்றப் பகுதிகளிலும் வரும்போது, சனி, ஞாயிறு பிற்பகல்களில் ஓர் அறையையாவது இத்தகைய குழு வேலைகளுக்கு ஒதுக்கித் தர வேண்டும் என்று மாநகராட்சியையும் அரசையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். விலை உயர்ந்த கணினிகள் வேண்டாம். மின்சாரமும் இணைய இணைப்பும் நீண்ட மேசை ஒன்றும் போதும். மேற்பார்வைக்கு என்னைப் போன்ற ஆசிரியர்கள் சம்பளம் கேட்காமல் வருவோம். பகலில், பெரியவர்கள் கண்ணெதிரே வேலை நடந்தால், நான் மேலே சொன்ன குறைகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

தங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இரண்டே. பணம் கட்டி ஆடும் சூதாட்டத்தையும் ரசிகர் சமூகங்களின் உழைப்பையும் இனி வரும் கட்டுரைகளில் ஒரே தலைப்பின் கீழ் சேர்க்காதீர்கள். அத்துடன், தங்கள் செய்தியாளர் ஒருவரைத் தண்டையார்பேட்டைக்கு அனுப்பி, இந்தப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதை அவர்கள் பக்கத்தில் அமர்ந்து பார்த்து எழுதச் செய்யுங்கள். பெற்றோரின் இசைவோடு அதற்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்து தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கணினி அறிவியல் ஆசிரியை,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 600 021.